தாதாவின் பக்கம் நம் மனம் சாய்வது எப்படி?

1930 மார்ச் கடைசியில் ஹாலிவுட் தயாரிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பை விதித்துக்கொண்டார்கள். அவர்களது சங்கத் தலைவர் வில் ஹேஸின் பெயரால் அது இன்றும் ஹேஸ் விதிகள் என்றே அழைக்கப்படுகிறது. அதன் முதல் பொதுக் கொள்கையே பரிவைப் பற்றியதுதான்: குற்றம், தீமை, பாவம் ஆகியவற்றின் பக்கம் பார்வையாளரின் பரிவு ஒருபோதும் சாயக் கூடாது. முதல் நான்கு ஆண்டுகள் இதை யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. 1934இல் ஜோசப் பிரீன் தலைமையில் தனி நிர்வாகம் அமைத்து, அதன் முத்திரை இல்லாமல் படத்தை வெளியிடுகிற நிறுவனத்துக்கு 25,000 டாலர் அபராதம் என்று அறிவித்த பிறகுதான் விதிகளுக்குப் பல் முளைத்தது. 1968 நவம்பரில் வயதுவாரித் தரச்சான்று முறை வரும்வரை, கடைசிப் பத்தாண்டில் தளர்ந்துபோயிருந்தாலும், அவை இருந்தன.

இத்தனை ஆண்டு காவல் இருந்தும் கேங்ஸ்டர் மேல் இருந்த பரிவு போகவில்லை. விதி எழுதியவர்கள் பரிவின் ஊற்றைத் தவறான இடத்தில் தேடியதுதான் காரணம். அவர்கள் கதையின் முடிவைக் கவனித்தார்கள். கெட்டவன் கடைசியில் சாக வேண்டும் அல்லது மாட்ட வேண்டும், அது நடந்துவிட்டால் கணக்கு நேர் என்று நம்பினார்கள். பரிவு முடிவில் உண்டாவதில்லை. யாரோடு எவ்வளவு நேரம் இருக்கிறோம், எந்தக் குற்றத்தைப் பார்க்கிறோம், எந்தப் பிணத்துக்கு ஒரு வீடும் தாயும் உண்டு என்பதில்தான் அது உண்டாகிறது.

1931இல் வார்னர் நிறுவனம் வெளியிட்ட ‘தி பப்ளிக் எனிமி’யின் கடைசி இரண்டு நிமிடமே இதற்குப் போதும். ரவுடிகளை மகிமைப்படுத்துவது எங்கள் நோக்கமல்ல என்று அட்டை போட்டுத்தான் படம் தொடங்குகிறது. ஜேம்ஸ் காக்னி நடித்த டாம் பவர்ஸ் கடைசியில் சாகிறான். விதிப்படி எல்லாம் சரி. ஆனால் அந்தச் சாவை நாம் எங்கிருந்து பார்க்கிறோம்? அவன் அம்மா வீட்டிலிருந்து. மகன் வருகிறான் என்று தொலைபேசியில் சொன்னதை நம்பி, அவள் மாடியில் அவனுக்குப் படுக்கை விரிக்கிறாள். கீழே கிராமபோனில் மெல்லிசை ஓடுகிறது. அண்ணன் கதவைத் திறக்கிறான். துணியால் சுற்றிக் கயிறு கட்டிய உடல் வாசலில் நின்றபடியே ஆடி, முகங்குப்புற உள்ளே விழுகிறது. இசைத்தட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது. தண்டனைக் காட்சியாக எடுத்தது ஒரு தாயின் துக்கக் காட்சியாகிவிடுகிறது.

அதே படத்தில் டாம் பழைய கூட்டாளி ஒருவனைக் கொல்லும் இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த ஆள் உயிருக்குக் கெஞ்சி, பழைய நாட்களை நினைவூட்ட பியானோ வாசிக்கிறான். கேமரா அவனை விட்டு டாமின் நண்பன் முகத்துக்கு நகர்ந்துவிடுகிறது. வெடிச்சத்தம், பியானோ கட்டைகள் மேல் உடல் சரியும் சத்தம், அவ்வளவுதான். கொன்றவனின் சாவுக்கு ஒரு வீடும் தாயும் இசையும் கிடைக்கின்றன. அவனால் செத்தவனுக்கு அழ யாரும் வருவதில்லை.

மறு ஆண்டு ‘ஸ்கார்ஃபேஸ்’ படத்துக்குத் தணிக்கையாளர்கள் இன்னும் கடுமையாக நெருக்கினார்கள். நாயகன் தூக்கில் தொங்குவதாக இன்னொரு முடிவு எடுக்க வைத்தார்கள். அதில் நாயகனாக நடித்த பால் முனி இல்லை. அவருக்குப் பதிலாக வேறொருவரை வைத்துப் படமாக்கினார்கள். தீமையை ஒழிக்க வேண்டும் என்று ஒரு பத்திரிகை அதிபர் முழங்கும் காட்சியையும் நடுவில் செருகினார்கள். இப்போது பார்த்தாலும் அந்தக் காட்சி படத்திலிருந்து தனியே துருத்திக்கொண்டு நிற்கும். அறிவுரை சொல்பவர் யாரென்றே நமக்குத் தெரியாது. அவரோடு நாம் ஒரு வேளை சாப்பிட்டதில்லை, ஒரு சண்டையில் கூட இருந்ததில்லை. நாயகனோடு ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருந்திருக்கிறோம்.

திரைப்பட ஆய்வாளர் மரே ஸ்மித் 1995இல் செய்த ஒரு பாகுபாடு இங்கே உதவும். ஒரு பாத்திரத்தின் கூடவே படம் நம்மை நடத்திச் செல்வது ஒன்று. அந்தப் பாத்திரத்தின் நியாயத்தை ஏற்று நாம் அதன் பக்கம் நிற்பது வேறொன்று. முதலாவது இரண்டாவதாகத் தானாக மாறிவிடாது. தொடர் கொலைகாரன் ஒருவனின் பின்னாலேயே இரண்டு மணி நேரம் போய்விட்டு அவனை வெறுத்தபடி எழுந்து வர முடியும். கூடப் போவதைப் பக்கம் நிற்பதாக மாற்ற ஓர் ஒப்பீடு தேவை. இவன் நல்லவன் என்று படம் நிரூபிக்க வேண்டியதில்லை. சுற்றியிருப்பவர்களில் இவன் மேல் என்று காட்டினால் போதும்.

இந்த ஒப்பீடு எவ்வளவு கவனமாகக் கட்டப்படுகிறது என்று தெரிந்துகொள்ள 1972இல் வந்த ‘தி காட்ஃபாதர்’ படத்தைப் பேப்பரும் பேனாவுமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: செத்தது யார், கொன்றது யார், செத்தவனுக்குப் பெயர் உண்டா, அவன் வீட்டைப் பார்த்தோமா, சாவுக்குப் பிறகு யாராவது அழுதார்களா.

வரிசை இப்படி வரும். படம் ஒரு முறையீட்டில் தொடங்குகிறது. பிணங்களை அடக்கத்துக்குத் தயார்செய்யும் தொழில் நடத்தும் ஒரு தகப்பன் தன் மகளுக்கு நேர்ந்ததைச் சொல்கிறார். அடித்து முகத்தைச் சிதைத்த இளைஞர்களுக்குத் தண்டனை எழுதிய நீதிபதி, அதை அப்போதே நிறுத்தி வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கேமரா அவர் முகத்திலிருந்து மெல்ல, மிக மெல்லப் பின்வாங்கி, கேட்டுக்கொண்டிருப்பவரின் முதுகைக் காட்டுகிறது. தகப்பன் கேட்பது கொலை. தாதா விட்டோ கார்லியோனே மறுக்கிறார்: உன் மகள் உயிரோடு இருக்கிறாள், கொலை நியாயமாகாது. ஆக, நாம் அவரைச் சந்திக்கும் முதல் நொடியிலேயே பாதிக்கப்பட்டவனைவிடக் குறைந்த வன்முறையைக் கேட்பவராக அவர் நிற்கிறார். சட்டம் கைவிட்ட இடத்தில் அளவறிந்து செயல்படுகிற பெரிய மனிதர்.

பிறகு இருபது நிமிடத்துக்கு மேல் கல்யாண வீடு. முதல் ரத்தம் ஒரு குதிரையுடையது; அதன் சொந்தக்காரனோ நாம் பார்க்கும்போதே வாய்க்கு வந்தபடி இனவசை பேசுகிறவன். முதலில் சாகும் மனிதன் லூக்கா பிராசி, கார்லியோனே குடும்பத்தின் ஆள். அடுத்து விட்டோ கார்லியோனேயே பழக்கடை வாசலில் சுடப்படுகிறார். அதாவது மனித ரத்தம் கொட்டத் தொடங்கும்போது இழப்பு இவர்கள் பக்கம்தான். இந்தக் குடும்பம் செய்வதாக நாம் பார்க்கும் முதல் கொலை காட்டிக்கொடுத்த கார் ஓட்டியுடையது. இரண்டாவதும் மூன்றாவதும், படம் ஏறத்தாழ பாதியைத் தொடும்போது, போதை வியாபாரி ஒருவனும் அவனிடம் சம்பளம் வாங்குகிற போலீஸ் கேப்டனும். அந்த கேப்டன் முன்பே விட்டோவின் மகன் மைக்கேலின் தாடையை உடைத்தவன். இந்த மூன்று வரிகளில் எதிலும் ‘யாராவது அழுதார்களா’ என்ற கட்டம் நிரம்பாது.

மூன்று மணி நேரத்தில் இந்தக் குடும்பத்தின் வருமானத்தால் அழிந்த ஒருவரையும் நாம் பார்ப்பதில்லை. சூதாட்டம் நடத்துகிறார்கள், ஆனால் சூதில் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் இல்லை. தொழிற்சங்கங்கள் கையில் இருக்கின்றன, ஆனால் சந்தா பறிபோன தொழிலாளி இல்லை. இரண்டாம் பாகத்தில் மாமூல் வசூல் விரிவாகவே வருகிறது. அங்கேயும் வசூலிக்கிறவன் ஃபனூச்சி, கட்டுகிறவன் இளம் விட்டோ. குற்றம் திரைக்கு வரும்போதெல்லாம் நம் ஆள் அதன் மறுமுனையில் இருக்கிறான்.

ஞானஸ்நானக் காட்சியில் எதிரிகள் ஒவ்வொருவராகச் சாவது எல்லோருக்கும் நினைவிருக்கும். அவர்களில் ஒருவன் படுக்கையில் சுடப்படும்போது பக்கத்திலிருக்கும் பெண்ணும் சேர்ந்து சாகிறாள். அவளுக்குப் பெயர் இல்லை, வசனம் இல்லை, திரையில் சில நொடிதான். படத்தைப் பலமுறை பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் அவளை மறந்திருப்பார்கள். பாதிக்கப்பட்டவரைச் சட்டகத்துக்குள் வைத்துக்கொண்டே காணாமல் செய்யும் வித்தை இது.

போதை வேண்டாம் என்ற கொள்கையும் இப்படித்தான். விட்டோ போதைப்பொருளை ஒழுக்க காரணத்துக்காக மறுத்தார் என்றே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். காட்சியில் அவர் சொல்வது வேறு. ஒருவன் என்ன தொழில் செய்து பிழைக்கிறான் என்பது பற்றி எனக்குக் கவலையில்லை, ஆனால் இந்தத் தொழில் என்று தெரிந்தால் என் அரசியல் நண்பர்கள் விலகிவிடுவார்கள். முழுக்க வியாபாரக் கணக்கு. விட்டோவாக நடித்த மார்லன் பிராண்டோவின் தணிந்த குரலும், மேலிருந்து மட்டும் விளக்கு விழச்செய்து கண்களை நிழலில் விட்ட கார்டன் வில்லிஸின் ஒளிப்பதிவும் அந்தக் கணக்கைக் கண்ணியமாக்கிவிடுகின்றன. நிஜத்தில் நியூயார்க் கும்பல்கள் போதையை ஒதுக்கி வைக்கவில்லை. அவற்றில் ஒன்றின் தலைவரான விட்டோ ஜெனோவேசி 1959இல் சிறைத்தண்டனை பெற்றதே போதைப்பொருள் வழக்கில்தான். இன்னொரு கும்பலின் தலைவர் ஜோ கொலம்போ தொடங்கிய இத்தாலிய அமெரிக்க உரிமைச் சங்கத்தோடு தயாரிப்பாளர் பேசி, மாஃபியா என்ற சொல்லைத் திரைக்கதையிலிருந்து எடுத்துவிட்டார். படம் முழுக்க நம் காதில் விழுவது ‘குடும்பம்’ என்ற சொல். இதைவிடப் பெரிய உதவியை எந்த வக்கீலும் அவர்களுக்குச் செய்திருக்க முடியாது.

நம் ஊர்ப் படங்களுக்கு வந்தால், முதலில் கவனிக்க வேண்டியது எந்தக் குற்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது. 1970களிலும் 80களிலும் இந்திய தாதா நாயகன் பெரும்பாலும் கடத்தல்காரன். 1975இல் வந்த ‘தீவார்’ அந்த அச்சு. அதன் தமிழ் வடிவமான ‘தீ’ 1981இல் ரஜினிகாந்துக்கு. கடத்தல் பரிவுக்கு மிகத் தோதான குற்றம். 1968 முதல் 1990 வரை தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமலில் இருந்தது. வெளிநாட்டுக் கைக்கடிகாரமும் டிரான்சிஸ்டரும் நேர்வழியில் கிடைப்பது அரிது. கடத்தல்காரன் ஜனங்களுக்கு வேண்டியதைக் கொண்டுவருகிறவன், நஷ்டம் சுங்க இலாகாவுக்கு. சுங்க இலாகாவுக்காக யாரும் அழப்போவதில்லை. அதே நாயகனைக் கந்துவட்டிக்காரனாகவோ கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவனாகவோ எழுதிப் பார்த்தால், இரண்டாவது ரீலிலேயே யாருடைய குடிசைக் கதவையாவது அவன் தட்ட வேண்டிவரும்.

1987 தீபாவளிக்கு வந்த ‘நாயகன்’ இதில் நின்று பேச வேண்டிய படம். தமிழில் இந்த வகையின் சிகரம் அதுதான் என்பதால், அது எப்படி இயங்குகிறது என்று அறிவது முக்கியம். அதன் நாயகன் வேலு நாயக்கருக்கு உந்துதலாக இருந்தவர் பம்பாய் மாட்டுங்கா, தாராவி பகுதிகளைக் கைக்குள் வைத்திருந்த வரதராஜ முதலியார்; படம் வந்த சில மாதங்களில், 1988 ஜனவரியில், அவர் சென்னையில் காலமானார். பம்பாயில் மதுவிலக்கு இருந்த காலத்தில் அவர் சாம்ராஜ்யத்தின் அஸ்திவாரமே கள்ளச்சாராயம். அதைக் குடித்தவர்கள் அந்தக் குடிசைகளில் வாழ்ந்த கூலித் தொழிலாளிகள்தான். மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே அவர் எடுத்த பிரமாண்ட விநாயகர் விழாவும், தேடி வந்தவர்களுக்குச் செய்த உதவியும் உண்மை. உதவி போன வாசலுக்கே சாராயமும் போனது என்பதும் உண்மை. படம் கடத்தலை மையத்தில் வைத்தது. கொடுக்கிற கை திரையில் இருக்கிறது, அதே ஜனங்களிடம் எடுக்கிற கை மங்கிவிடுகிறது.

அதன் கொலை வரிசையைப் பாருங்கள். சிறுவன் வேலுவைப் பின்தொடர்ந்து போய், தொழிற்சங்கத் தலைவரான அவன் தகப்பனைச் சுடுகிறது போலீஸ். சிறுவன் செய்யும் முதல் கொலை அதற்குப் பதில். பம்பாயில் வளர்த்த உசேன் பாயை லாக்கப்பில் கொன்றுவிட்டுத் தற்கொலை என்கிறான் இன்ஸ்பெக்டர் கேல்கர். அடுத்த கொலை அதற்குப் பதில். இரண்டிலும் அரசுதான் முதலில் கொல்கிறது. முதல் சந்திப்பில் பாலியல் தொழிலாளியாக அறிமுகமாகும் நீலா, மறுநாள் கணக்குப் பரீட்சை, படிக்க வேண்டும் என்று கேட்கும் காட்சி வேலுவைப் பற்றி ஒரு பக்க வசனத்தால் முடியாததைச் செய்கிறது.

ஆனால் ‘நாயகன்’ இங்கேயே நின்றுவிடவில்லை, அதுதான் அதன் பெருமை. கேல்கரைக் கொன்ற பிறகு வேலு அவன் வீட்டுக்குப் போகிறார். அங்கே ஒரு மனைவி இருக்கிறாள், மனவளர்ச்சி குன்றிய ஒரு மகன் இருக்கிறான். கொல்லப்பட்டவனின் வீட்டுக்குள் படம் நுழைந்துவிடுகிறது. ‘தி காட்ஃபாதர்’ தன் எதிரிகளுக்குச் செய்யாத காரியம். அந்த மகன் அஜித்தை வேலுவே ஆதரிக்கிறார். நீதிமன்றம் விடுவித்த பிறகு வெளியே அவரைச் சுட்டுச் சாய்ப்பது அவன்தான். பாதிக்கப்பட்டவனின் பக்கத்துக்குத் தீர்ப்பு எழுதும் உரிமை கிடைக்கிறது. என்றாலும் அந்தப் பக்கத்துக்குப் பேச வாய் தரப்படவில்லை. அஜித் ஏன் சுடுகிறான் என்பதை அவன் வார்த்தையில் நாம் கேட்பதேயில்லை. கேள்வி கேட்கும் வாய் மகள் சாருமதியுடையது, பிறகு பேரனுடையது. இருவருமே தாதாவின் ரத்தம். ‘நீங்க நல்லவரா கெட்டவரா?’ என்று கேட்பது பேரனாக இருப்பதால் ‘தெரியலையேப்பா’ என்ற பதில் நம் கண்ணைக் கலங்க வைக்கிறது. அதே கேள்வியை கேல்கரின் மனைவி கேட்டிருந்தால்? அந்தப் பதில் அங்கே நின்றிருக்காது.

இதன் பிறகு வந்த ஏராளமான தமிழ் ரவுடி படங்கள் ‘நாயகனி’லிருந்து சிறுவயது ஃபிளாஷ்பேக்கை மட்டும் எடுத்துக்கொண்டன. பத்து வயதில் அப்பாவை இழந்தான், அதனால் கத்தி எடுத்தான். இது பெரும்பாலும் வேலை செய்வதில்லை. கடந்தகாலத் துயரம் ஒருவனைப் புரிந்துகொள்ள உதவும். இன்றைக்கு அவன் பக்கம் நிற்க வைக்காது. நிற்க வைப்பது இன்றைய தேர்வுகள்: எங்கே கையை நிறுத்தினான், யாருக்காக நஷ்டப்பட்டான். ஃபிளாஷ்பேக் பலிக்காதபோது திரைக்கதைக்காரர்கள் அடுத்த குறுக்குவழிக்குப் போகிறார்கள். வில்லனை இன்னும் கேவலமானவனாக்கு. அவன் ஒரு பெண்ணைச் சிதைக்கட்டும், ஒரு குழந்தையைக் கொல்லட்டும், அதன் பிறகு நாயகன் இருபது பேரை வெட்டினாலும் தியேட்டர் விசில் அடிக்கும். அந்தப் பெண்ணும் குழந்தையும் நாயகனின் கத்திக்கு லைசென்ஸ் வாங்கித் தர மட்டும் திரைக்கு வந்தவர்கள். அது மனதை உறுத்துகிறது.

கட்டப்பஞ்சாயத்துக் காட்சிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். திரையில் தாதா முன்னால் வரும் வழக்கில் நியாயம் எப்போதும் ஒரே பக்கம்: ஏழை, அபலை, ஏமாற்றப்பட்டவன். வெளியே நடக்கும் பஞ்சாயத்தில் பெரும்பாலும் இடத்தகராறும் கடன் பாக்கியும்தான். இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கும், தீர்ப்புக்குக் கூலி உண்டு, தோற்றவனுக்கு அப்பீல் கிடையாது. இரு தரப்பும் பாதி நியாயத்தோடு வந்து நிற்கிற ஒரே ஒரு காட்சியை எழுதினாலே தாதாவின் நாற்காலி ஆட்டம் காணும்.

பரிவை மறுத்து எடுத்த படங்களும் உண்டு. 1990இல் மார்ட்டின் ஸ்கார்செசி எடுத்த ‘குட்ஃபெல்லாஸ்’ முறையீட்டில் தொடங்குவதில்லை. கார் டிக்கியில் முனகிக்கொண்டிருக்கும் ஒருவனைக் கத்தியால் குத்துவதில் தொடங்குகிறது. பின்னால் ஸ்பைடர் என்ற பையன் வருகிறான், சீட்டாட்டத்தின்போது மது பரிமாறும் எடுபிடி. முதல் நாள் அவன் காலில் சுடுகிறார்கள். கட்டோடு மறுபடி வேலைக்கு வந்தவனை ஒரு பதில் சொன்னதற்காகக் கொன்றுபோடுகிறார்கள். மற்றவர்களின் கவலை யார் குழி தோண்டுவது என்பதுதான். எதிரியும் இல்லை, துரோகியும் இல்லை, பெயருள்ள ஒரு சின்னப் பையன். அந்த இடத்தில் கூடப் போவதும் பக்கம் நிற்பதும் பிரிந்துவிடுகின்றன. இருந்தும் நாயகனின் வாய்ஸ் ஓவர் உற்சாகமாகத் தொடர்கிறது, அந்த உற்சாகம் பலரைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது.

செல்வராகவனின் ‘புதுப்பேட்டை’ (2006) தமிழில் இதை மிகத் துணிச்சலாகச் செய்து பார்த்தது. கூட்டாளியின் தங்கை கல்யாணத்துக்குப் போன கொக்கி குமார் அந்தப் பெண்ணின் கழுத்தில் தானே கட்டாயமாகத் தாலி கட்டுகிறான். அவளுக்கு முகம் உண்டு, அண்ணன் உண்டு, எங்கேயும் ஒளித்து வைக்கப்படவில்லை. அந்தக் கட்டம் வரை குமாரோடு வந்த மனம் அங்கே பின்வாங்க வேண்டும். வெளியானபோது சுமாராகவே போன படம், பிறகு இளைஞர்களிடம் பெரும் வழிபாடு பெற்றது. வெட்டி வெட்டிப் பரவும் துண்டுக் காட்சிகளில் இருப்பது குமாரின் எழுச்சியும் வசனமும்தான்; அந்தப் பெண்ணின் முகம் அவற்றில் வருவதில்லை. இயக்குநர் சட்டகத்துக்குள் கொண்டுவந்த பாதிக்கப்பட்டவரை ரசிகர்கள் வெளியே தள்ளிவிட்டார்கள்.

இதை எந்தத் தணிக்கையாலும் பிடிக்க முடியாது. சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் கீழ் 1991இல் வெளியான நம் வழிகாட்டுதல்களும், வன்முறை போன்ற சமூக விரோதச் செயல்களை மகிமைப்படுத்தவோ நியாயப்படுத்தவோ கூடாது என்கின்றன. குற்றவாளிகளின் செயல்முறையைத் தூண்டும் விதத்தில் காட்டக் கூடாது என்கின்றன. நடைமுறையில் வாரியம் வெட்டுவது ரத்தத்தின் அளவை, மௌனமாக்குவது கெட்ட வார்த்தையை. கொலை வரிசையை மாற்றச் சொல்லி எந்த வாரியமும் எழுதித் தராது. கேல்கரின் மனைவிக்கு இன்னொரு காட்சி வேண்டும் என்று எந்தச் சான்றிதழும் கேட்காது.

ஹேஸ் விதிகள் முழு அதிகாரத்தோடு இருந்த 1938இல், அதே காக்னியை வைத்து வந்த ‘ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ்’ இந்தச் சிக்கலையே கதையாக்கியது. இரண்டு சிறுவர்கள் ஒரு ரயில் பெட்டியில் திருடப் போய்த் துரத்தப்படுகிறார்கள். ஒருவன் தப்பிப் பாதிரியாகிறான், பிடிபட்டவன் சீர்திருத்தப் பள்ளிக்குப் போய் ரவுடியாகிறான். பிடிபட்ட ராக்கி தெருப் பையன்களுக்கு தெய்வம். அவனை மின்நாற்காலிக்கு அழைத்துப் போகும் முன் பாதிரி நண்பன் கேட்பது ஒன்றுதான்: கோழையாகச் செத்துக் காட்டு, பையன்கள் உன்னை வெறுக்கட்டும். ராக்கி மறுக்கிறான். பிறகு கடைசி நொடியில் அலறிக் கெஞ்சுகிறான். மறுநாள் செய்தித்தாளில் படித்த பையன்கள் தெய்வத்தைக் கைவிடுகிறார்கள். பரிவை அழிக்க வேண்டும் என்று விதி கேட்டதைப் படம் திரைக்குள் இருக்கும் பையன்களிடம் செய்து முடித்தது. அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கோ அந்த அலறல் ராக்கி பிறருக்காகச் செய்த கடைசித் தியாகமாகத் தெரிந்தது. அவன் மேல் இருந்த பரிவு இன்னும் கூடியது.